கையைக் கூப்பினால் தோண்ட முடியாது

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டில் அவள் பெயர் குடுக்கை. "அவசரக்குடுக்கை" என்று அத்தை ஒருநாள் திட்டினார். முதல் பாதி போன இடம் தெரியவில்லை, பின்பாதி மட்டும் ஒட்டிக்கொண்டது.

அத்தை திட்டியதிலும் தப்பில்லை. பால் ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள் குடுக்கை. கணக்கைப் பாதி படிக்கும்போதே விடையை எழுதிவிடுவாள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, பத்து" என்று எண்ணிவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவாள்.

இப்போது அந்த வீட்டில் இன்னொரு அவசரக்காரரும் இருந்தார். அவர் அம்மாவின் வயிற்றில் இருந்தார்.

பாப்பா பிறக்க இன்னும் நிறைய நாள் இருந்தது. ஆனாலும் இப்போதே வெளியே வரப் பார்த்தது. "இப்பவே பொறந்தா குழந்தை தாங்காது" என்று டாக்டர் அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார். எழுந்து நடக்கக்கூடாது. இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தபடியே இருக்க வேண்டும்.

அம்மா இருந்த வார்டுக்குள் கைப்பேசி கூடாது. பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைகளும் கூடாது. குடுக்கைக்கு வயது ஒன்பது.

அவள் சும்மா இருப்பாளா? அத்தையின் உயரமான செருப்பை மாட்டிக்கொண்டு, அத்தையின் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள்.

"வயசு என்னம்மா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"பன்னெண்டு."

"எந்த வருஷம் பொறந்தே?"

குடுக்கை விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள். பாதியிலேயே கால் செருப்பிலிருந்து வழுக்கிவிட்டது. வாட்ச்மேன் அவள் விழாமல் பிடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை, பாவம், நல்ல மனிதர்.

"பன்னெண்டு ஆனதும் வாம்மா. நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

அப்பா பேக்கரி வண்டி ஓட்டுபவர். தினமும் ரொட்டியெல்லாம் கடைகளுக்குப் போட்டுவிட்டு, சாயங்காலம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் குடுக்கை அவரை விடமாட்டாள்.

"அம்மா என்ன பண்றாங்க?"

"படுத்திருக்கா."

"படுத்துட்டு என்ன பண்றாங்க?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "கட்டிலை ஒட்டி இருக்கிற மூலை ஜன்னல் வழியா பாத்துட்டே இருக்கா. என்ன இருக்கு பாக்க? கீழ சர்ச்சோட பின்பக்கம். ஒரு இடிஞ்ச சுவரு, கல்லு, மண்ணு. அதைப் பாத்தா இருக்கிற தைரியமும் போயிடும்."

அன்று அம்மா அழுதிருக்கிறார் என்பதை அப்பா சொல்லவில்லை. சொல்லாமலே குடுக்கைக்குத் தெரிந்துவிட்டது. 

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராக அந்தச் சர்ச்சுக்குப் போனாள். அவர்கள் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவுக்குத் தூக்கம், அத்தைக்குத் துணி தைக்கிற வேலை. அதனால் அவள் கேட்டைத் தாண்டி உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

முன்பக்கம் அழகான சின்னத் தோட்டம் இருந்தது. அதில் அவள் வயதுப் பெண் ஒருத்தி ஓட்டை வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆளே இல்லை.

"தபால்காரருக்கு முழங்கால் வலி குறையணும்" என்று ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். "எதிர்வீட்டு அண்ணனுக்கு வேலை கிடைக்கணும். நேத்து போன இடத்துல நல்லா பேசினாராம்" என்று செம்பருத்திக்கு ஊற்றினாள். மிளகாய்ச் செடி பக்கம் வந்தபோது குரலைத் தாழ்த்தி, "எங்க கணக்கு டீச்சர் கொஞ்சம் சிரிக்கணும்" என்றாள்.

"செடிக்குக் காது கேக்குமா?" என்று கேட்டாள் குடுக்கை.

அந்தப் பெண் திரும்பினாள். "செடிகிட்ட யாரு பேசினா? இயேசப்பாகிட்ட பேசுறேன். இந்தத் தோட்டத்துல அப்படித்தான். ஒரு செடிக்கு ஒரு ஆள். தண்ணி ஊத்தும்போது அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணணும். எனக்குச் சும்மா உக்காந்து ஜெபம் பண்ண வராது, தூக்கம் வந்துடும். இங்க நடந்துட்டே பண்ணலாம். எங்கப்பாதான் இந்தச் சர்ச்சுக்குப் போதகர். என்னை எல்லாரும் ரேடியோன்னு கூப்பிடுவாங்க. ஏன்னு தெரியல. நீ யாரு? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

ஏன் ரேடியோ என்று குடுக்கைக்குத் தெரிந்துவிட்டது. மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

இருவரும் பின்பக்கம் போனார்கள். அப்பா சொன்னது சரிதான். இடிந்த சுவர், உடைந்த ஓடு, கல், மண். அதற்கு நேர் மேலே, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் மூலை ஜன்னல். குடுக்கை எம்பி எம்பிப் பார்த்தாள். கண்ணாடியில் வானமும் மேகமும்தான் தெரிந்தன. உள்ளே இருப்பவர் யாரும் தெரியவில்லை.

"இங்க ஒரு தோட்டம் போடலாமா? அம்மா பாக்கிற மாதிரி" என்றாள்.

போதகர் ஆலயத்துக்குள் ஓர் ஆடுகிற பெஞ்சுக்குப் புதுக் கால் வைத்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணிகள் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. ரேடியோ அவருக்கும் சேர்த்துப் பேசினாள். "பின்பக்கம் நாங்க எடுத்துக்கலாம்லப்பா? கல்லெல்லாம் நாங்களே பொறுக்கிடுறோம். சரின்னா தலையை ஆட்டுங்க." அவர் தலையை ஆட்டினார்.

கல் பொறுக்குவதற்குள் இருவருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் குடுக்கை நிறுத்தவில்லை. இடத்தைச் சுத்தம் செய்து மண்ணைக் கொத்தியதும், ஒரு குச்சியால் மண்ணில் பெரிதாக எழுதினாள். 'அம்மா'. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டில் நீளம் இருந்தது.

"இதுல கடுகு தூவப் போறேன். முளைச்சா பச்சையா எழுத்து வரும். கடுகுதான் சீக்கிரமா முளைக்குமாம். அம்மாகிட்ட யாரும் சொல்லக்கூடாது. அவங்களே பாக்கணும்."

அத்தையின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணம் பாதியானது. கோட்டு வழியே விதையைத் தூவி, மண்ணால் மூடி, தண்ணீர் தெளித்தார்கள்.

"இது யாருக்கான செடி?" என்று கேட்டாள் ரேடியோ.

"முதல் எழுத்து அம்மாவுக்கு. நடு எழுத்து பாப்பாவுக்கு. கடைசி எழுத்து அப்பாவுக்கு. பாப்பாவுக்கு இன்னும் பேரே வைக்கலையே, பரவாயில்லையா?"

"பரவால்ல. இயேசப்பாவுக்கு ஆள் தெரியும். சொல்லு."

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதே."

"பேசத் தெரியும்ல? அதேதான்."

குடுக்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இயேசப்பா, பாப்பா நல்லா இருக்கணும். அம்மா நாளைக்கே வீட்டுக்கு வரணும். கடுகும் நாளைக்கே முளைக்கணும். சீக்கிரம்." கண்ணைத் திறந்து, "பதில் சொல்லுவாரா?" என்றாள்.

"சொல்லுவார். ஆனா என்னை மாதிரி உடனே சொல்லமாட்டார்" என்றாள் ரேடியோ.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் குடுக்கை எட்டிப் பார்த்தாள். மண் மண்ணாகவே இருந்தது. விரலால் கொஞ்சம் கிளறினாள். கடுகு கடுகாகவே இருந்தது. மூடிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து மறுபடி கிளறினாள். அதற்கு மறுநாளும் அதையே செய்தாள். பாதை வந்து முட்டுகிற இடத்தில் நடு எழுத்துதான் இருந்தது. அதனால் பாப்பாவின் எழுத்துக்குத்தான் அத்தனை கிளறலும் விழுந்தது.

சில நாளில் அம்மாவின் எழுத்தும் அப்பாவின் எழுத்தும் பச்சைக் கோடாக எழுந்து நின்றன. நடுவில் பாப்பாவின் எழுத்து மொட்டையாகக் கிடந்தது.

குடுக்கை அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஜெபம் பண்ணினேனே. ஏன் பாப்பாவோடது மட்டும் வரல? அப்போ பாப்பாவுக்கு..." 

ரேடியோ குனிந்து மண்ணைப் பார்த்தாள். மண்ணெங்கும் விரல் தடம். வெள்ளையாய் முளைவிட்ட விதைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன.

"தோண்டினியா?"

குடுக்கை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தோண்டினியான்னு கேட்டேன்."

"லேசாதான். முளைச்சிருச்சான்னு பாத்தேன்."

"அடிப்பாவி. அது முளைச்சுட்டுத்தான் இருந்துது. நீதான் விடல" என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "இயேசப்பா ஒரு கதை சொல்லியிருக்கார். ஒரு ஆள் விதைச்சான். விதைச்சுட்டுப் போய்த் தூங்கினான். எழுந்தான். மறுபடி தூங்கினான். பயிர் பாட்டுக்கு வளந்துது. எப்படி வளந்துதுன்னு அவனுக்கே தெரியல."

"அவ்ளோதானா கதை?"

"அவ்ளோதான். அவன் தோண்டல."

"அவனுக்குத் தூக்கம் வந்துது, தூங்கினான். எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. என் கையும் சும்மா இருக்கமாட்டேங்குது. நான் என்ன பண்றது?" என்றாள் குடுக்கை. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

ரேடியோ முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு குடுக்கையின் இரண்டு கைகளையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்துவைத்தாள்.

"இப்படிக் கூப்பிக்கோ. கையைக் கூப்பினா தோண்ட முடியாது."

அத்தையிடம் உண்மையைச் சொல்லி, மீதிக் கடுகையும் வாங்கி வந்து நடு எழுத்தில் மறுபடி தூவினார்கள். "தாளிக்க எனக்கு நாலாவது மிச்சம் வைடி" என்றார் அத்தை. வைத்தாள். நாலு என்றால் நாலே கடுகுதான்.

அன்றிலிருந்து கை அரிக்கும்போதெல்லாம் குடுக்கை கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். கூப்பிய பிறகு சும்மா நிற்க ஒரு மாதிரி இருக்கும். அதனால் ஏதாவது பேசுவாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வாள். அப்பா இப்போதெல்லாம் வண்டி ஓட்டும்போது பாடுவதில்லை என்பதைச் சொல்வாள். சொல்லி முடித்தால் மனசு கொஞ்சம் லேசாகும். மேலே பார்ப்பாள். ஜன்னலில் வானம்தான் தெரியும். அம்மா பார்க்கிறாரா, தூங்குகிறாரா, ஒன்றும் தெரியாது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டபோது வாசலில் அத்தை நின்றிருந்தார். அளவெடுக்கும் டேப் கழுத்திலேயே தொங்கியது. அதைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறார்.

"அம்மாவைப் பிரசவ அறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்கப்பா அங்கதான் இருக்கார்."

"பாப்பாவுக்கு இன்னும் நாள் ஆகலையே அத்தை."

"ஆகலதான்" என்றார் அத்தை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார்கள். அத்தை உள்ளே போக வேண்டியிருந்தது. "நான் சர்ச் தோட்டத்துல இருக்கேன்" என்றாள் குடுக்கை. ஓடினாள்.

நடு எழுத்தில் மண் அசையாமல் கிடந்தது. உள்ளே ஏதாவது நடக்கிறதா? ஒரே ஒரு விதையை எடுத்துப் பார்த்தால் என்ன? விரல் மண்வரைக்கும் போனது. அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

விரலை இழுத்துக்கொண்டாள். கையைக் கூப்பினாள். ரேடியோ சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றதுகூட அவளுக்குத் தெரியாது.

"இயேசப்பா, நான்தான் குடுக்கை. எனக்குப் பயமா இருக்கு. என்னை உள்ள விடமாட்டாங்க, எனக்குப் பன்னெண்டு வயசு ஆகல. நீங்க போகலாம்ல? உங்களை வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லமாட்டார். போய் அம்மா பக்கத்துல இருங்க. பாப்பா பக்கத்துலயும் இருங்க."

'சீக்கிரம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். "நான் இங்கயே இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

பயம் போய்விடவில்லை. ஆனால் தனியாகப் பயப்படுவது போல இல்லை. இருட்டில் யாரோ கையைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. வெயில் சுவரிலிருந்து இறங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். அவளுக்கே ஆச்சரியம், அவள் "ஒண்ணு, ரெண்டு, பத்து" என்று எண்ணவில்லை, எதையும் கிளறவில்லை.

அப்பா ரொட்டிக் கம்பெனிச் சட்டையோடு கேட்டுக்குள் வந்தார். கண் சிவந்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"தம்பிடா" என்றார். "ரொம்பச் சின்னவன். கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. கொஞ்ச நாள் அங்கதான் இருக்கணும். ஆனா நல்லா மூச்சு விடுறான். அம்மாவும் நல்லா இருக்கா."

"அழுதானா?"

"பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான்" என்று சொல்லி, அப்பாதான் அழுதார்.

அந்த வாரமே நடு எழுத்து முளைத்தது. மற்ற இரண்டையும்விடக் குட்டையாக, கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுசாக.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய நாளில், "முதல்ல அந்தத் தோட்டத்தைப் பாத்துட்டுப் போகலாம்" என்று அம்மாவே சொன்னாராம். அப்பாவின் கையைப் பிடித்து மெதுவாக நடந்து வந்தார். குடுக்கை ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். அத்தை "மெதுவாடி" என்று கத்துவதற்குள் கட்டிக்கொண்டாயிற்று.

"அம்மா, எழுத்தைப் பாத்தீங்களா?"

"பாக்காம? ஆனா தலைகீழா எழுதிட்டியே கண்ணு. இங்க நின்னு படிச்சா சரியா இருக்கு. என் ஜன்னல்லருந்து எல்லாம் தலைகீழ். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சு எனக்குச் சுளுக்கே பிடிச்சுது. வார்டு மொத்தமும் வந்து கழுத்தைத் திருப்பிட்டுப் போனாங்க."

குடுக்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எப்பலருந்து பாத்தீங்க?"

"முதல் நாள்லருந்து. நீ கல்லு பொறுக்கினது, கால்ல போட்டுக்கிட்டது, திருட்டுத்தனமா மண்ணைக் கிளறினது, அப்புறம் கையைக் கூப்பிக்கிட்டு நின்னது, எல்லாத்தையும். நீ ரகசியமா செய்யறேன்னு புரிஞ்சுது. அதான் அப்பாகிட்டகூட மூச்சு விடல. தினமும் காலையில எழுந்தா, இன்னிக்கு என் பொண்ணு வருவாளேன்னு இருக்கும். அதுலதான் என் நாள் ஓடுச்சு."

"நான் எத்தனை தடவை மேல பாத்தேன் தெரியுமாம்மா? வானம்தான் தெரிஞ்சுது. நீங்க தெரியவே இல்ல."

"உனக்கு நான் தெரியல. எனக்கு நீ நல்லா தெரிஞ்சே" என்று அம்மா அவள் தலையைத் தடவினார்.  "தம்பி பொறந்த அன்னிக்கு மட்டும்தான் நான் ஜன்னல்ல இல்ல. அன்னிக்கு நீ எவ்ளோ பயந்திருப்பே. அன்னிக்குன்னு பாத்து உன்னைப் பாக்க யாரும் இல்லாம போச்சேன்னு நினைச்சேன்."

குடுக்கை கொஞ்சம் யோசித்தாள். விடை சொல்ல அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"இல்லம்மா. அன்னிக்கும் ஒருத்தர் பாத்துட்டு இருந்தார்" என்றாள்.

அம்மா அவளைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "ஒரு ஞாயித்துக்கிழமை நானும் உன்கூட இங்க வரேன்" என்றார்.

"அந்த ஆடுற பெஞ்சுல மட்டும் உக்காராதீங்க" என்றாள் ரேடியோ. "எங்கப்பா கால் வெச்சதுக்கப்புறம் இன்னும் ஜாஸ்தியா ஆடுது."

கடுகுச் செடிகள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்த சமயத்தில் தம்பி வீட்டுக்கு வந்தான். வீட்டில் நுழைந்ததும் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் துணிச் சுருளுக்குள் மூக்கு மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தான். ரேடியோகூட மெல்லப் பேசினாள்.

"தொடாதே குடுக்கை. இப்பதான் தூங்கியிருக்கான். அவனா எழுந்திரிக்கட்டும்" என்றார் அத்தை.

குடுக்கையின் கை துறுதுறுத்தது. துணியை லேசாக விலக்கி அந்தக் கால் விரலை எண்ணிப் பார்க்க வேண்டும். கன்னத்தைக் கிள்ளி எழுப்ப வேண்டும். அவன் கண் எப்படி இருக்கிறது என்று இப்போதே பார்க்க வேண்டும்.

அவள் கையைக் கூப்பிக்கொண்டாள். கண்ணை மூடி, உதடு அசைய, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது ரேடியோ அவள் காதில் கேட்டாள், "இவ்ளோ நேரமா இயேசப்பாகிட்ட என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. சும்மா பேசிட்டு இருந்தேன்" என்றாள் குடுக்கை.

தொட்டிலில் தம்பி மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.